துறைமுகம் நடந்த வழியே ஒரு வாரம்

தூத்துக்குடியில் ஒரு வாரம் தங்கலாம் என்றால் நம் ஊரிலேயே பலர் வியப்பார்கள். அங்கே பார்ப்பதற்கு அவ்வளவு என்ன இருக்கிறது என்பார்கள். வழக்கமான பயணத் திட்டங்களைப் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றும். விடியற்காலையில் வந்து இறங்கி, பனிமய மாதா கோயிலை எட்டிப் பார்த்து, வண்டி பிடித்துத் திருச்செந்தூர் போய், நேரம் இருந்தால் மணப்பாட்டில் படம் எடுத்துக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போய்விடுகிறார்கள். ஒன்றரை நாளில் எல்லாம் முடிகிறது. ஆனால் பார்த்தவற்றுக்குள் ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு என்பது பிடிபடாமலே போகிறது. இந்த அத்தியாயம் வேறொரு திட்டத்தை முன்வைக்கிறது. தூத்துக்குடியில் ஒரே அறையில் ஏழு இரவு தங்குங்கள். பகல்களைக் கோயில் வரிசையிலோ தூர வரிசையிலோ அடுக்காமல், இந்தக் கரையின் துறைமுகம் இடம் மாறிய வரிசையில் அடுக்குங்கள். முதலில் தாமிரபரணிக் கரை, அடுத்து கொற்கை, பிறகு காயல்கள், அதன்பின் தெற்கே மணப்பாடு வரையுள்ள கடலோர ஊர்கள், கடைசியாகத் தூத்துக்குடி நகரம். ஊரில் தங்கிக்கொண்டே ஊரைக் கடைசியில் பார்க்கச் சொல்வது விசித்திரமாகப் படலாம். ஏன் அப்படி என்பதைத்தான் இனிவரும் பக்கங்கள் விளக்குகின்றன.

ஒரு ஒப்பீட்டிலிருந்து தொடங்கலாம். அட்லாண்டிக் கடலில் மதீரா என்றொரு மலைத்தீவு இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் குடியேறிய தீவு. மேற்கிலிருந்து கிழக்கே அதன் நீளம் 57 கிலோமீட்டர்தான். தூத்துக்குடியிலிருந்து மணப்பாடும் ஏறக்குறைய அவ்வளவு தூரமே. மதீராவுக்குப் போகிறவர்களிடம் ஒரு வாரம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. 1,862 மீட்டர் உயரச் சிகரம் ஒன்று நடுவில் நின்று, ஒவ்வொரு பள்ளத்தாக்கையும் தனித்தனி ஊராகப் பிரித்து வைத்திருக்கிறது. ஏறி இறங்க நாள் பிடிக்கும் என்பது பார்த்ததுமே புரிந்துவிடும். நம் கரை தட்டையானது. மணப்பாட்டு மணற்குன்றை விட்டால் ஏறுவதற்கு ஒன்றுமில்லை. அங்கே மலை செய்த பிரிவினையை இங்கே காலம் செய்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாததால் ஒன்றரை நாள் போதும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். மதீராவை நன்கு அறிந்தவர்கள் பின்பற்றும் ஒரு வழக்கம் நமக்கும் பயன்படும். ஃபுன்ஷால் நகரில் நிலையாகத் தங்குவார்கள். காலையில் மேகம் எந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்று பார்த்து, அன்றைக்கு எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிப்பார்கள். இங்கே மேகத்துக்குப் பதில் வெயிலையும் காற்றையும் பார்க்க வேண்டும்.

துறைமுகம் ஏன் இடம் மாறியது என்பதைப் புரிந்துகொண்டால் பயணத்தின் பாதி முடிந்த மாதிரி. தாமிரபரணி, பொதிகையிலிருந்து வண்டலைச் சுமந்து வந்து முகத்துவாரத்தில் கொட்டுகிறது. கொட்டக் கொட்டக் கரை கிழக்கே நீண்டது, கடல் விலகியது, நங்கூரம் போட ஆழம் இல்லாமல் போயிற்று. கப்பல் வந்த கொற்கை இன்று கடலிலிருந்து ஏழு கிலோமீட்டர் அளவில் உள்ளே தள்ளி, வயலும் வாழையுமாக நிற்கிறது. கொற்கைக்குப் பின் எழுந்த காயலும் அதே வண்டலில் சிக்கியது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து எழுதிவைத்த பெருந்துறை அது. பிறகு முகத்துவாரத்திலேயே புன்னைக்காயல். கடைசியில் வணிகம் ஆற்றை விட்டே விலகி, வண்டல் அவ்வளவாக எட்டாத வடக்குக் கரையில், தீவுகள் அலையைத் தடுத்துக் கொடுக்கும் தூத்துக்குடியில் நிலைகொண்டது. ராபர்ட் கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டிலேயே கொற்கையில் தோண்டிப் பார்த்து இந்த வண்டல் விளக்கத்தை எழுதினார். இந்தக் கரையின் ஒவ்வொரு ஊரும் கைவிடப்பட்ட ஒரு துறைமுகம், அல்லது அடுத்துக் கைக்கு வந்த ஒன்று. இதை அறியாமல் போனால் கொற்கை வெறும் வயல்வெளி, பழையகாயல் ஒரு பேருந்து நிறுத்தம்.

எப்போது வருவது என்பதில் தயக்கம் வேண்டாம். பிப்ரவரி பிற்பாதியும் மார்ச் முற்பாதியும்தான் சரியான காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஆற்றில் தண்ணீரும் வயலில் பச்சையும் இருக்கும், வெயில் இன்னும் முற்றியிருக்காது. உப்பளங்களில் உப்பு எடுக்கும் வேலை தொடங்கியிருக்கும், தெற்கே பனங்காடுகளில் பதநீர் இறங்கத் தொடங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் மாதங்களில் வந்தால் துறைமுக ஊரின் மூச்சையே கேட்காமல் திரும்ப வேண்டியிருக்கும். ஆனியும் ஆடியும் மண்ணை வாரி இறைக்கும் காற்றுக் காலம். ஆனாலும் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடக்கும் பனிமய மாதா திருவிழாவுக்காக அந்தக் காற்றைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்களோடு வாதாட மாட்டேன். ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயில் நிறையப் பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். எல்லா ஆண்டும் அப்படி நடக்காது. ஆனால் ஆறும் கடலும் கூடும் தாழ்ந்த நிலத்தில்தான் இந்த வாரம் முழுவதும் நீங்கள் நடமாடப்போகிறீர்கள்.

தங்குமிடம் பற்றி இரண்டு எதிர்வாதங்கள் உண்டு. திருநெல்வேலியில் தங்கினால் குற்றாலத்தையும் சேர்த்துக்கொள்ளலாமே என்பது ஒன்று. சேர்க்கலாம்தான். ஆனால் குற்றாலத்தின் சாரல் காலம் இந்தக் கரைக்குக் காற்றுக் காலம். ஒன்றுக்கு உகந்த மாதம் மற்றதற்கு உகந்ததல்ல என்பதால் இரண்டையும் ஒரே வாரத்தில் கட்டினால் ஏதோ ஒன்று கெடும். திருச்செந்தூரில் தங்கினால் கடலும் கோயிலும் அருகிலேயே கிடைக்குமே என்பது இன்னொன்று. திருச்செந்தூர் பக்தர்களின் ஊர், விடுதிகள் அவர்களுக்காகவே இயங்குகின்றன. விசேஷ நாட்களில் அறை கிடைப்பதே அரிது. தூத்துக்குடியோ வேலை செய்யும் ஊர். துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் வருகிறவர்களுக்காக விடுதிகள் ஆண்டு முழுவதும் திறந்திருக்கின்றன, இரவு எந்நேரமும் சாப்பாடு கிடைக்கும். சென்னை எழும்பூரிலிருந்து முத்துநகர் விரைவு ரயில் இரவில் புறப்பட்டுக் காலையில் கொண்டுவந்து சேர்க்கிறது. விமானத்தில் வருபவர்கள் இறங்குவது வாகைக்குளத்தில். பழைய பேருந்து நிலையத்தின் பக்கம் அறை எடுத்தால் கடற்கரைச் சாலை நடந்து போகும் தூரம்தான். திருச்செந்தூர்ப் பேருந்துகளும் அடிக்கடி கிடைக்கும்.

வந்து சேரும் நாளில் எதையும் பார்க்க வேண்டாம். மாலையில் கடற்கரைச் சாலையில் நடந்து, இரவில் பரோட்டாக் கடையில் உட்காருங்கள். அந்தக் கடைகளை இங்கே நைட் கிளப் என்பார்கள், பெயரைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம். தூத்துக்குடி விசைப்படகுகள் விடியுமுன் போய் அன்றிரவே கரை திரும்பும் வழக்கம் உள்ளவை. அதனால் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலச் சத்தம் கேட்பது இரவில்தான். உள்ளே போகும்முன் அனுமதி கேளுங்கள். ஏலம் நடக்கும்போது கூடைகளுக்கு நடுவே நின்று படம் எடுப்பது பிழைப்புக்கு இடைஞ்சல்.

இரண்டாம் நாளைக் கடலுக்கு முதுகு காட்டித் தொடங்குங்கள். மேற்கே, திருநெல்வேலி–திருச்செந்தூர்ச் சாலையில் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் தோண்டித் தாழிகளையும் இரும்புக் கருவிகளையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் எடுத்தார். அவற்றில் பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அப்படியானால் இங்கே வந்து பார்க்க என்ன மிச்சம் என்று கேட்கலாம். 2023 முதல், தாழிகளை அவை கிடந்த குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி பதித்துக் காட்டுகிறார்கள். எழும்பூரில் பார்ப்பது பொருளை. இங்கே காலடியில் தெரிவது அந்தப் பொருள் கிடந்த மண், பரம்பு, எதிரே ஓடும் ஆறு. அருகிலுள்ள சிவகளையில் கிடைத்த இரும்பைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை கொண்டுபோகும் காலக்கணிப்புகளை 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்டது. ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது, தொடரட்டும். பயணிக்கு வேண்டிய செய்தி எளியது: கடலில் முத்து எடுப்பதற்கு முன்பிருந்தே இந்த ஆற்றங்கரையில் செம்பும் இரும்பும் பொன்னும் புழங்கிய ஒரு சமூகம் இருந்தது. துறைமுகம் வெறும் மணலில் முளைக்கவில்லை.

அன்று பிற்பகல் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் போதும். ஒன்பது திருப்பதிகளையும் ஒரே நாளில் முடித்துவிடலாமே, அதற்கென்றே வண்டிகள் ஓடுகின்றனவே என்று பக்தர்கள் சொல்வார்கள். நேர்த்திக்கடன் இருந்தால் அப்படியே செய்யுங்கள், அதில் குறை காண எதுவும் இல்லை. ஆனால் நவதிருப்பதி என்பது ஒன்பது சந்நிதிகளின் கணக்கு மட்டுமல்ல. தாமிரபரணியின் இரு கரையிலும் நெல் விளைந்த ஊர்களின் வரிசை அது. துறைமுகத்துக்குச் சோறு போட்ட நிலம் எது என்று அது காட்டுகிறது. ஒன்பது கோயில் நடை சாத்தும் நேரங்களைத் துரத்திக்கொண்டு ஓடினால் அந்த நிலம் கார் கண்ணாடிக்கு வெளியே போய்விடும். நம்மாழ்வார் அமர்ந்த புளியமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார முடிந்தால் அந்த நாள் நிறைந்தது.

மூன்றாம் நாள் கொற்கை. இந்த வாரத்தின் அச்சு இதுதான், ஏமாற்றம் அதிகமாக வரக்கூடிய நாளும் இதுதான். அகநானூறும் மதுரைக்காஞ்சியும் பாடிய கொற்கை, கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு கொல்கை என்று எழுதிய பாண்டியர் துறை. அந்தக் குறிப்பு, இங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்தார்கள் என்கிறது. இவ்வளவையும் படித்துவிட்டுப் போய் நின்றால் எதிரே ஒரு கண்மாய், ஒரு பழைய வன்னி மரம், சில கோயில்கள், வீடுகள். கோட்டை இல்லை, துறை இல்லை. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. செங்கல் கட்டுமானங்களும் சங்கும் சிப்பியும் கிடைத்தன. குழிகள் மூடப்பட்டுவிட்டன. இதைப் பார்க்கவா ஒரு நாள் என்று கேட்பவருக்கு என் பதில், இந்த ஒன்றுமின்மையே சான்று என்பதுதான். ஒரு துறைமுகம் படையெடுப்பில் அழிந்தால் இடிபாடு மிஞ்சும். வண்டல் மூடி அழிந்தால் வயல்தான் மிஞ்சும். கொற்கையில் நின்று கிழக்கே பாருங்கள். கடல் தெரியாது, காற்றில் உப்பு மணமும் இருக்காது. பிறகு அந்த ஏழு கிலோமீட்டரைக் கடந்துபோய்க் கடலைத் தொடுங்கள். சாலை நேராக இல்லாததால் சுற்றித்தான் போக வேண்டும். அந்தத் தூரம் முழுவதும் ஆறு கொண்டுவந்து போட்ட நிலம் என்பது அப்போது உடம்புக்கே தெரியும். எந்த அருங்காட்சியகமும் இதைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டிவிட முடியாது.

இந்தக் காரணத்தால்தான் கொற்கையையும் பழையகாயலையும் புன்னைக்காயலையும் ஒரே நாளில் வைக்கச் சொல்கிறேன். இதற்கு வாடகைக் கார் வேண்டும். பேருந்தில் இந்த மூன்றையும் இணைப்பது கடினம். ஆத்தூர் வழியாகப் போகும்போது வெற்றிலைக் கொடிக்கால்கள் வரும். புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை ஆற்றுத் தண்ணீரில் விளைவது. புன்னைக்காயல் சேர்ந்ததும் ஆறு கடலில் விழும் இடத்தைப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரின் முக்கியத் துறை இது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். அதை ஆக்கிய அன்றீக்கு அடிகளார் ஆண்டுக்கணக்கில் உழைத்ததும் இந்த ஊரில்தான். தமிழ் அச்சின் வரலாறு பெரிய நகரத்தில் தொடங்கவில்லை. பரதவர் குடியிருப்பில், முத்துக்குளிப்பவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு நூல் வேண்டும் என்ற தேவையில் தொடங்கியது. ஆற்று முகத்தில் நிற்கும்போது இதை நினைவில் கொண்டால் அந்தச் சிறிய ஊரின் அளவு மாறித் தெரியும்.

காயல்பட்டினத்துக்குத் தனியாக ஒரு காலைப் பொழுது கொடுங்கள். அரபு நாடுகளோடும் இலங்கையோடும் நூற்றாண்டுகளாக வணிகம் நடத்திய முஸ்லிம் ஊர். அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அரபுத்தமிழ் வளர்ந்த இடங்களில் ஒன்று. கல்தூண் வரிசைகளோடு மண்டபம் போலக் கட்டப்பட்ட பழைய பள்ளிவாசல்கள் இங்கே உண்டு. ஆனால் இது காட்சிக்கு வைத்த ஊர் அல்ல. பள்ளிவாசலுக்குள் போகும் முன் பொறுப்பாளரிடம் கேளுங்கள், தொழுகை நேரத்தைத் தவிருங்கள். வீடுகளுக்கு நடுவே பெண்கள் புழங்குவதற்கென்று இருக்கும் குறுகிய முடுக்குகளில் ஆண்கள் நுழைவது முறையல்ல. புகழ்பெற்ற களறிச் சாப்பாட்டைக் கடையில் தேடாதீர்கள், அது கல்யாண வீட்டுச் சாப்பாடு. அழைப்பு வந்தால் மறுக்காதீர்கள்.

பிற்பகலில் திருச்செந்தூர். தரிசன ஏற்பாடுகளை வேறு நூல்கள் விரிவாகச் சொல்கின்றன, இங்கே ஒரு குறிப்பு மட்டும். 1646 முதல் 1648 வரை டச்சுக்காரர்கள் இந்தக் கோயிலைப் பிடித்து வைத்திருந்தார்கள். முத்துக் கரைக்காகப் போர்ச்சுக்கீசியரோடு அவர்கள் நடத்திய போட்டியில் கடலோரத்துக் கற்கோயில் அவர்களுக்குக் கோட்டையாயிற்று. முருகனின் வரலாறும் இங்கே துறைமுக வரலாற்றோடு பின்னியே கிடக்கிறது. மறுநாள் குலசேகரப்பட்டினம், மணப்பாடு, உடன்குடி. குலசையில் முத்தாரம்மன் கோயில் இருக்கிறது. ஊருக்கு அருகே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இரண்டாவது ஏவுதளத்தை அமைத்துவருகிறது, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மணப்பாட்டில் குன்றின் மேல் 1581இல் கட்டப்பட்ட திருச்சிலுவைக் கோயிலும், கடலைப் பார்த்த பாறைக் குடைவில் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் உண்டு. அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542இல். மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள், குன்றின் மணல் பகலில் கால் சுடும். திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே தேரிக்காட்டின் சிவப்பு மணலையும் பார்த்துவிடுங்கள். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் அந்த வறண்ட மணலுக்கு நடுவே சுனை நீர் இருப்பது, இந்த நிலத்தைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதினாலும் விளங்காத ஒன்றைச் சட்டென்று விளக்கிவிடும்.

இவ்வளவு தூரம் வந்த வாசகர் கேட்காமல் இருக்க மாட்டார்: முத்து எங்கே? முத்து நகர் என்று பெயர், முத்துக்குளித்துறை என்று கரைக்கே பெயர். முத்துக்குளிப்பைப் பார்க்க முடியாது என்றால் ஏழு நாள் எதற்கு? வலுவான கேள்விதான். அரசு நடத்திய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். கடலுக்கடியில் பார் என்று சொல்லப்படும் பாறைத் திட்டுகளில் சிப்பி விளைய வேண்டும். பல ஆண்டுகள் விளையாமல் போவது பழைய காலத்திலும் உண்டு. 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடத்துமளவு சிப்பி திரளவில்லை. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1973இல் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அறிவியல் வென்றது, பழைய முத்துச் சந்தை திரும்பி வரவில்லை. ஆகவே கடையில் விற்கும் முத்துமாலையை இந்தக் கடலில் எடுத்தது என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் முத்து இல்லாததால் முத்தின் கதை இல்லாமல் போகவில்லை. 1530களில் பரதவர்கள் மொத்தமாகக் கத்தோலிக்கரானதற்கு முத்துப் பார்களின் உரிமைப் போட்டிதான் பின்னணி. போர்ச்சுக்கீசியக் கப்பற்படையின் காவல் அந்த மதமாற்றத்தோடு சேர்ந்தே வந்தது. கடற்கரை நெடுக நிற்கும் கோயில்கள் எல்லாம் முத்தின் மிச்சம். இன்னொரு மிச்சம் சங்கு. இன்றும் மூழ்கிச் சங்கெடுப்பவர்கள் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய்ப் பெண்களின் கைவளையாகிறது. மூச்சைப் பிடித்துக் கடலடிக்குப் போகும் தொழில் இந்தக் கரையில் இன்னும் அற்றுப்போகவில்லை.

தீவுகள் பற்றியும் உறுதியாகச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் கணக்கிடப்பட்டன. 1986 முதல் அவை கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அனுமதியின்றி இறங்குவது குற்றம். காசு கொடுத்தால் ஏற்றிப்போகிறேன் என்று யாராவது சொன்னாலும் போகாதீர்கள். அவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை வெட்டியெடுத்ததில் அலைத் தடுப்பு போய்க் கரை அரித்தது. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். பயணிகளை விட்டால்தானே தீவின் அருமை மக்களுக்குத் தெரியும் என்றொரு வாதம் உண்டு. தேய்ந்துகொண்டிருக்கும் மணல்திட்டுக்கு அந்த வாதம் பொருந்தாது. துறைமுகத்தை அலையிலிருந்து காத்த தீவுகள் அவை. இப்போது அவற்றை மனிதக் காலடியிலிருந்து காக்க வேண்டியிருக்கிறது.

ஆறாம் நாளை நகரத்துக்குக் கொடுங்கள். கொற்கையையும் காயல்களையும் பார்த்தபின் பழைய துறைமுகம் முன்பு தெரிந்த மாதிரித் தெரியாது. இங்கே கரையோரக் கடல் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, தோணிகள்தான் சரக்கை ஏற்றி இறக்கின. 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும் வரை ஊரின் முதுகெலும்பு அந்தத் தோணித் தொழில். மரத்தோணிகள் பழைய துறைமுகத்திலிருந்து இன்றும் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகின்றன. தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். துறைமுக வளாகத்துக்குள் அனுமதி வேண்டும், வெளியிலிருந்தே பாய்மரங்களைப் பார்க்கலாம். இதே கடற்கரைச் சாலையில் 1713இல் கட்டப்பட்ட பனிமய மாதா கோயில், 1982இல் பேராலயமானது. சற்றுத் தள்ளி டச்சுக்காரர்கள் 1750இல் கட்டிய திருத்துவ ஆலயம். 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1825இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டதும், 1908இல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியதும் இந்தத் தெருக்களில்தான். இரண்டாயிரம் ஆண்டுகளாக யார் யாரோ வந்து உரிமை கொண்டாடிய துறையில், சொந்தக் கப்பலை ஓட்டுவோம் என்று ஒருவர் எழுந்து நின்றார். கொற்கையிலிருந்து வரிசையாக வந்தவருக்கு அந்தத் துணிவின் அளவு தெரியும். நகரத்தைக் கடைசியில் வைக்கச் சொன்னதற்கு என்னிடம் உள்ள வலுவான காரணம் இதுவே.

ஏழாம் நாளை இரு விதமாகச் செலவிடலாம். வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீட்டையும் பாஞ்சாலங்குறிச்சியையும் பார்த்துவிட்டு எட்டயபுரம் போகலாம். பாரதி பிறந்த வீடு, முத்துசுவாமி தீட்சிதர் சமாதி, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் தர்கா மூன்றும் அந்தச் சிறிய ஊரில் இருக்கின்றன. வழியெல்லாம் கரிசல். அந்தப் பருத்திதான் 1876இல் ரயில் வந்தபின் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பாய்ந்தது. கழுகுமலையையும் அதே நாளில் திணிக்க வேண்டாம். வெட்டுவான் கோயிலுக்கும் சமணச் சிற்பங்களுக்கும் காலை வெயில் முதல் நாள் முழுக்கத் தேவை. குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர்கள் இந்த நாளை ஓய்வுக்கு வைத்துக்கொண்டு, மாலையில் உப்பளங்களை மட்டும் பார்க்கட்டும். வாரம் முழுவதும் அவர்களுக்கு ஒரே விதி: காலை ஆறு முதல் பத்தரை, பிறகு நான்குக்கு மேல். நடுப்பகல் அறைக்குத்தான்.

அனல்மின் நிலையங்களும் ஆலைகளும் சரக்கு லாரிகளும் நிறைந்த ஊரில் விடுமுறையைக் கழிப்பதா என்று தயங்குவோர் உண்டு. ஊர் அப்படித்தான் இருக்கிறது. 2018 மே மாதம் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த ஊர் இது. அந்த வலி இன்னும் ஆறவில்லை. பேச்சுக்கொடுப்பவர்கள் அதைக் காட்சிப்பொருளாக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலையை மறைத்து அழகை மட்டும் காட்டும் ஊர்கள் வேறு இருக்கின்றன. இங்கே வேலைதான் காட்சி. உப்பளத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பாத்தியில் கடல்நீரும் நிலத்தடி உவர்நீரும் வெயிலில் வற்ற, பலகையால் வாரி, தலையில் சுமந்து கொட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெயில் ஏறும்முன் வேலையை முடிக்க விடியுமுன்பே வந்துவிடுவார்கள். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவலையும் ஜோ டி குரூஸின் ‘கொற்கை’யையும் வரும் முன் படித்துவிட்டால் இந்த வாரம் இன்னும் ஆழமாகும். பாத்திகளுக்கு நடுவே நடக்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், உப்பு நீர் பட்டால் தோல் செருப்பு கெட்டுவிடும். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம். இரவு ரயிலுக்கு முன் மக்ரூன் வாங்குவதானால் அன்றன்று சுடும் பேக்கரியில் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்த பண்டம் அது, ஈரக்காற்றில் சீக்கிரம் நமுத்துப்போகும்.